மூன்றாவது ரீடிங்

சாத்தனேரியில் அந்தச் சிவப்புப் படகு ஓடத் தொடங்கிப் பதினாறு மாதம் ஆகிறது. ஏரிக்கரை ஃப்ளாட்டில் அதைத் திட்டாதவர் என்று ஒருவர் இருந்தால், ஒன்று அவருக்குக் காது கேட்காது, இல்லாவிட்டால் அவர் படகுக்காரனுக்குச் சொந்தம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் இடது பக்கம் திரும்பி ஒன்றரை கிலோமீட்டர் வந்தால் ஏரி வரும். ஃப்ளாட்டை விற்றவன், "விடியக்காலையில ஜன்னலைத் திறந்தா ஜூ சிங்கம் கத்துறது கேட்கும் சார், அவ்வளவு அமைதி" என்று சொல்லித்தான் விற்றான். இந்த ஒன்பது வருடத்தில் சிங்கம் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அந்தக் குறையைப் படகு தீர்த்து வைத்தது.

படகு என்றால் துடுப்புப் போட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. லாரியில் வைக்க வேண்டிய அளவு இன்ஜின். புகைக்குழாய்கள் தண்ணீருக்கு மேலே பக்கத்துக்கு நான்காக நீட்டிக்கொண்டிருக்கும், சைலன்சர் கிடையாது. சத்தம்தான் அங்கே சரக்கு. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கமிருந்து காலேஜ் பிள்ளைகள் பைக்கில் வந்து வரிசையில் நிற்பார்கள். ஒரு சுற்று ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் மூன்றாவது மாடி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து ஒன்றை ஒன்று இடிக்கும். இரவு டியூட்டி முடித்துப் படுத்த நர்ஸுகள் எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார்கள். தெரு நாய்கள் முதல் ஒரு மாதம் குரைத்துப் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகிற வேலை இல்லை என்று விட்டுவிட்டன.

ஜோசலினுக்கு மட்டும் ஆறு வாரமாக அது கேட்கவில்லை. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் அவள் கணக்கு நடத்துகிற பள்ளியில், கடைசி பெஞ்சில் பிள்ளைகள் குசுகுசுப்பதுகூடக் கேட்டது. படகு போவதைப் பால்கனியிலிருந்து பார்ப்பாள். கண்ணாடி அதிர்வதும் தெரியும். ஆனால் அதெல்லாம் பக்கத்து ஊரில் யாருக்கோ நடப்பதாக இருந்தது. ஆறு வாரத்துக்கு முன் அவள் கணவர் ஜெர்சன் இறந்துபோனார். அன்றிலிருந்து பசி, தூக்கம், கோபம் எல்லாம் அந்தப் பக்கத்து ஊருக்கே குடிபோய்விட்டன. அழுகையும் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

ஜெர்சன்தான் படகின் முதல் எதிரி. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜின் பிசிக்ஸ் லேபில் இருபத்தொன்பது வருடம் இன்ஸ்ட்ரக்டராக இருந்து வெளியே வந்தவர். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த மனிதருக்குப் படகு வந்து வேலை கொடுத்தது. சத்தம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கினார். நீள நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, நேரம், ரீடிங் ஒன்று, இரண்டு, மூன்று, சராசரி. ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவன் அரசியல்வாதி, மூன்று எடுக்கிறவன்தான் லேப்காரன் என்பார்.

மீட்டரை உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் எழுத முடியாது. அதனால் பால்கனியில் நின்றபடியே "ஜோ!" என்று கூப்பிடுவார். ஜோசலின் அடுப்பைக் குறைத்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் சொல்லும் எண்ணைக் கட்டத்தில் எழுதிவிட்டுப் போவாள். ஆறு நிமிடம் கழித்து மறுபடி "ஜோ!" அதற்கப்புறம் ஆறு நிமிடம் கழித்து இன்னொரு "ஜோ!" பதினான்கு மாதம், பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில், தினமும் மூன்று தடவை. நோட்டில் ஒரு எழுத்துகூட ஜெர்சனுடையது இல்லை. எல்லாம் அவள் கையெழுத்து. படகைவிட அந்தக் கூப்பாட்டைத்தான் அவள் அதிகம் வெறுத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை படகுக்கு விடுமுறை. அன்றும் ஜெர்சன் விடமாட்டார். சத்தத்தை அளக்கிறவன் அமைதியையும் அளக்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் சொல்ல முடியும் என்பார். ஆறு வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமையும் எட்டு இருபதுக்கு நாற்பத்து மூன்று டெசிபல் என்று சொன்னார், எழுதினாள். எட்டு இருபத்தாறுக்கு நாற்பத்து இரண்டு, அதையும் எழுதினாள். நேரத்துக்குப் பக்கத்தில் 'விடுமுறை, படகு இல்லை' என்றும் எழுதினாள். அன்று அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். பள்ளி வேன் எட்டு முப்பத்தைந்துக்கு கேட்டுக்கு வந்துவிடும். பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே வந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார். மூன்றாவது ரீடிங். சாவி பூட்டுக்குள் இருந்தது. இன்னொரு தடவையும் குரல் வந்தது. படகு இல்லாத நாள், எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"ஒரு நாள் ரெண்டு ரீடிங் எடுத்தா செத்தா போயிடுவீங்க" என்று கதவைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு லிஃப்டில் ஏறினாள்.

வீட்டு வேலைக்கு வருகிற தனம், பதினொன்றரைக்குத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனாள். மாரடைப்பு. உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் புதன்கிழமை, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் குளிர்பெட்டி. பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது ஏரியில் சிவப்புப் படகு கிளம்பியது. ஏழு நிமிடம் பாஸ்டரின் வாய் அசைந்தது, ஒரு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர், "இந்தப் பாவிங்கதான் அவரை அடிச்சிட்டாங்க" என்றார். சவப்பெட்டி மூடுவதற்குள் அது எல்லோருக்கும் உண்மையாகிவிட்டது. புனேயிலிருந்து விடியற்காலை விமானத்தில் வந்து இறங்கிய மகள் அபிகாயில், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த போட்டு சத்தத்துலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சாம்மா?" என்று கேட்டாள். ஜோசலின் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. அன்று காபி வேண்டுமா என்று கேட்டவருக்கும் தலையாட்டினாள், பெட்டி எந்த மரத்தில் வேண்டும் என்று கேட்டவருக்கும் தலையாட்டினாள். ஆனால் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவின் பழைய மனுக்களையெல்லாம் ஸ்கேன் செய்தாள். ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் படத்தைப் போட்டு, இனி எந்த வீட்டிலும் இப்படி ஒரு சாவு விழக்கூடாது என்று எழுதினாள். ராத்திரி அம்மாவின் பக்கத்தில், அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் இப்படிப் படுத்ததில்லை. புனே போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு போன், அதுவும் அப்பாவிடம்தான். இப்போது அம்மா அம்மா என்று காலைச் சுற்றி வந்தாள். படகு ஓடவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று ஜோசலினுக்குத் தெரியும். அப்ப வீட்ல யார் இருந்தா? அந்தக் கேள்விக்குப் பிறகு மகள் தங்கமாட்டாள்.

ஃப்ளாட் சங்கத்தின் செயலாளர் வேதாசலம் ஒரு சனிக்கிழமை வந்தார். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது என்றால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு. வியாழக்கிழமை தாம்பரம் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை, படகுக் கம்பெனியையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். அபிகாயில் மாடிக்குத் துணி எடுக்கப் போகும்வரை வானிலை பேசினார். அவள் போனதும் நோட்டைத் திறந்தார்.

"மேடம், ஒரு சின்ன சிக்கல். சார் இறந்த அன்னைக்கு 'விடுமுறை, படகு இல்லை'ன்னு எழுதியிருக்கு."

"செவ்வாய்க்கிழமை சார் அது."

"தெரியும். செவ்வாய்க்கிழமையிலயும் சர்வீஸ் முடிச்சு ட்ரயல் ஓட்டுறது உண்டு மேடம். இங்க பாருங்க, மூணாவது கட்டம் காலியா இருக்கு. அதுல ஒரு தொண்ணூத்தாறு போட்டு, பக்கத்துல 'ட்ரயல்'னு எழுதிட்டீங்கன்னா முடிஞ்சுது. மத்ததெல்லாமும் உங்க கையெழுத்துதானே, யாருக்கும் சந்தேகம் வராது."

"அன்னைக்கு ட்ரயல் ஓட்டினாங்களா?"

"என் காதால கேட்டேன் மேடம்."

அன்று வேதாசலம் குடும்பத்தோடு திருத்தணியில் இருந்தார். அது ஜோசலினுக்குத் தெரியும். அவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. ஆறு வாரமாகப் பேசிப் பேசி அந்தச் சத்தம் அவருக்கு நிஜமாகவே கேட்டுவிட்டது.

"சத்தம்னு மட்டும் மனு போட்டா பத்து வருஷம் தூங்கும். நான் எவ்வளவோ ஃபைலைப் பார்த்தவன். ஒரு சாவு சேர்ந்தாத்தான் மேல போகும். சார் பட்ட பாடு வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஜோசலின் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் ஆட்டோவுக்கு நின்றாள். அபிகாயில் உள்ளே பாஸ்டர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், வெயிலில் கறுத்துச் சிவந்த முகத்தோடு எதிரே வந்து நின்றான். கடைசி வரிசையில் உட்காருகிறவன், பார்த்த முகம்தான்.

"ஸ்தோத்திரம் டீச்சர். நான் எபி. அந்த போட்டு ஓட்றவன்" என்றான். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினான். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காது மந்தமாகிவிட்டிருந்தது. "அன்னிக்கு இன்ஜினை கயட்டி தார்ப்பாய் மேல போட்டுகினு உக்காந்துகினு இருந்தேன் டீச்சர். போட்டு தண்ணிலயே எறங்கல. நான் கொன்னுட்டேன்னு எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. என் வூட்ல கூட கேக்குறா, மெய்யாலுமே ஓட்னியான்னு."

ஜோசலின் ஆட்டோ வருகிறதா என்று பார்த்தாள்.

"சத்தம் ஜாஸ்திதான். இல்லன்னு சொல்லல. அடுத்தவன் வூட்டு தூக்கத்த கெடுக்குற பொயப்புதான். அதுக்கு இன்னா தண்டனையோ குடுக்கட்டும். ஆனா ஒரு ஆளை கொன்னவன்னு பேரு வந்தா, நான் இந்த சர்ச்சுக்கு எப்டி வருவேன்? நீங்க வூட்லதானே இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க, ஓடிச்சா?"

"லேட்டாச்சு" என்றாள் ஜோசலின். ஆட்டோ இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளே இருந்த மகளுக்குக்கூடக் காத்திராமல் அப்படியே ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். அவன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றியாகிவிட்டது. இரண்டு இலக்கம், ஒரு வார்த்தை. பரீட்சைப் பேப்பரில் எத்தனை ஆயிரம் எண் போட்ட கை. சமையலறையில் அபிகாயில் அம்மாவுக்குப் பிடித்த இஞ்சி டீ போட்டுக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டால் இந்த டீ இருக்கும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கை எழவில்லை. நேர்மை கீர்மை எல்லாம் ஒன்றும் இல்லை. எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. டீ வந்ததும் நோட்டை மூடினாள்.

விசாரணை ஒரு நீள அறையில் நடந்தது. கோட்டாட்சியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தார். பக்கத்தில் ஒரு பெண் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். படகுக் கம்பெனி மேனேஜர், அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு எபி. இந்தப் பக்கம் வேதாசலம், ஃப்ளாட்காரர்கள் ஏழெட்டுப் பேர், அபிகாயில். ஜோசலின் எழுதியிருப்பாள் என்ற நம்பிக்கையில் வேதாசலம் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. மனுவைக் குரல் தழுதழுக்க வாசித்தார். படகின் பேரிரைச்சலால் நெஞ்சு வெடித்து இறந்தார் என்ற இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் அவர் மனைவியா?" என்று கேட்டார் கோட்டாட்சியர். "உக்காருங்கம்மா. அன்னைக்குக் காலையில நீங்க வீட்ல இருக்கும்போது படகு ஓடுச்சா?"

ஜோசலின் தலையாட்டினாள்.

தட்டச்சுப் பெண் கையை எடுத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"தலையாட்டினா எழுத முடியாதும்மா" என்றார் அவர். "வாயைத் திறந்து சொல்லுங்க. சொன்னதைத்தான் அவங்க அடிக்க முடியும்."

ஜோசலின் வாயைத் திறந்தாள். "ஓடல சார்" என்று வந்தது. அவளே அதைப் பக்கத்து ஊரில் யாரோ சொன்னதாகத்தான் கேட்டாள். "செவ்வாய்க்கிழமை. லீவு. நோட்டுல எழுதியிருக்கேன்."

தட்டச்சு ஓடியது. வேதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. எபி முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். கோட்டாட்சியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இறப்பை இந்த மனுவில் சேர்க்க முடியாது என்றார். வேதாசலம் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பதினான்கு மாத ரீடிங்கும் இருக்கிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கோட்டாட்சியரே சொன்னார். முப்பது நாளுக்குள் சைலன்சர் பொருத்த வேண்டும், அதுவரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது. ஜெர்சன் ஜெயித்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. ஃப்ளாட்காரர்கள் ஜோசலினைப் பார்க்காமல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. ஜோசலின் உட்கார்ந்தாள். அபிகாயில் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"அப்போ ஏம்மா அன்னைக்குத் தலையாட்டின?"

"தெரியல."

"மூணாவது ரீடிங் எட்டு முப்பத்திரண்டு. வேன் முப்பத்தஞ்சுக்கு. நீ வீட்லதானே இருந்த?"

"பூட்டிட்டிருந்தேன். உள்ளேருந்து கூப்பிட்டார். ரீடிங்குக்குன்னு நெனச்சேன். டைம் ஆயிடுச்சுன்னு போயிட்டேன்."

சொல்லியாகிவிட்டது. மகள் எழுந்து போகப் போகிறாள் என்று ஜோசலின் காத்திருந்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அபிகாயில் எழுந்திருக்கவில்லை. காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். மூக்கைத் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாரு. எனக்குத் தெரியாதா? ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாக்கூட 'ஜோ'ம்பாரு. யாரா இருந்தாலும் ரீடிங்குன்னுதாம்மா நெனச்சிருப்பாங்க. நானா இருந்தாலும் போயிருப்பேன்." அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "எப்பவும் கூப்பிடுற மாதிரிதானே கூப்பிட்டாரு?"

இங்கே தட்டச்சு செய்ய யாரும் இல்லை. தலையாட்டினால் போதும். மகள் அதைத்தான் கேட்கிறாள். கெஞ்சிக் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டால், இரண்டு பேரும் எழுந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம்.

"மொதல் தடவை ஜோன்னாரு" என்றாள் ஜோசலின். "ரெண்டாவது தடவை அம்மான்னாரு."

மணிக்கட்டில் இருந்த பிடி மெல்லத் தளர்ந்து விலகியது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஜோசலினுக்கு வலித்தது.